மஃபின் இளைத்த குளிர்காலம்

பருத்த குதிரையை இளைக்க வைப்பதை வைத்தியம் என்று யாரும் மதிப்பதில்லை. கால் உடைந்தால் ஓடி வருவார்கள். வயிற்றுவலியில் உருண்டால் அழுதுகொண்டே ஃபோன் செய்வார்கள். கொழுத்துப்போய் நின்றால் தட்டிக்கொடுத்து ஃபோட்டோ எடுப்பார்கள். நம் ஊரில் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு இந்த நாட்டில் பெரிய பிராணிகளோடு வேலை செய்ய வந்திருக்கும் நீங்கள் இந்த விஷயத்தில் இன்னும் மோசம். நானும் அப்படித்தான் வந்தேன். நமக்குக் கற்றுக்கொடுத்ததெல்லாம் மெலிந்ததைத் தேற்றுவது. எலும்பும் தோலுமாக வரும் வண்டிமாட்டுக்கு என்ன கொடுப்பது என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். தின்று தின்றே சாகப்போகிற பிராணியை நான் பார்த்ததில்லை. நியூ ஜெர்சிக்கு வந்த பிறகு வாரத்துக்கு நாலு பார்த்தேன்.

குளிர்காலம்தான் இந்த வேலைக்குச் சரியான காலம். மேய்ச்சல் காய்ந்து கிடக்கும். குளிர் தாங்குவதற்காக உடம்பு தன் கொழுப்பைத் தானே எரிக்கும். நாம் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும். தானிய வாளியை எடு, போர்வையைக் கழற்று, காய்ந்த புல்லை எடை பார்த்துப் போடு, நடக்க விடு. மார்ச் முடிவதற்குள் விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். இல்லாவிட்டால் ஏப்ரலில் முளைக்கும் பச்சைப் புல்லைத் தின்று குளம்புக்குள் அழற்சி வரும். கொழுத்த மட்டக்குதிரைகள் பெரும்பாலும் அப்படித்தான் போய்ச் சேர்கின்றன. வலியில் படுக்கும், பிறகு எழுந்திருக்காது.

ஒரே நிபந்தனை, மெதுவாகச் செய்ய வேண்டும். கொழுத்த மட்டக்குதிரையைத் திடீரென்று பட்டினி போட்டால் உடம்பு பயந்துபோய், இருக்கிற கொழுப்பையெல்லாம் ஒரே சமயத்தில் ரத்தத்தில் கொட்டும். ஈரல் திணறிப்போகும். குளம்பு நோய் மாதக்கணக்கில் கொல்லும். இது ஒரு வாரத்தில் கொல்லும். இது எனக்கு அப்போதே தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று யாரும் எனக்காகச் சமாதானம் சொல்லக்கூடாது என்பதற்காக இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

தொண்ணூற்றாறு டிசம்பரில் நடந்தது. அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது. நான் வேலை பார்த்த மருத்துவமனையில் நாங்கள் ஐந்து டாக்டர்கள். எல்லாருமே காரில் பண்ணை பண்ணையாகச் சுற்றுகிறவர்கள். அதன் முதலாளி அறுபது வயதுக்காரர், அதிகம் பேச மாட்டார். அவருக்கு ஒரு விதி உண்டு. எந்தப் பிராணிக்கும் தீவனத்தை மாற்றினால் அதை ஒரு படிவத்தில் எழுத வேண்டும். என்ன புல், எத்தனை பவுண்டு, ஒரு நாளைக்கு எத்தனை வேளை, கீழே கையெழுத்து. ஒரு பிரதி வீட்டுக்காரருக்கு, ஒரு பிரதி எங்கள் ஃபைலுக்கு. கிழவருக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுவேன்.

எனக்கும் ஒரு பழக்கம் இருந்தது, அது விதி இல்லை. குதிரை வைத்திருப்பவர்கள் சொன்னதில் பாதியைத்தான் செய்வார்கள். எட்டு பவுண்டு புல் போதும் என்றால் பதினான்கு போடுவார்கள். அதனால் நான் வாயால் சொல்லும்போது குறைத்தே சொல்வேன். ஐந்து என்பேன், மனசு கேட்காமல் எட்டு போடுவார்கள், கணக்கு சரியாகிவிடும். காய்கறிக் கடையில் பாதி விலைக்குக் கேட்டு முக்கால் விலைக்கு வாங்குவது போலத்தான். நாலு வருஷம் இந்தப் பேரம் பலித்தது. அதனால் அது என் திறமை என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்டெல்லாவின் வீடு மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில். சொந்த ஊர் தூத்துக்குடி. இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ், இரவு ஷிஃப்ட். ஒரே பெண் ஷெரின், பதினோரு வயது. அவளுக்காக வாங்கியதுதான் மஃபின். குட்டையான பழுப்பு நிற மட்டக்குதிரை, பெண், வயது பதினான்கு. பத்து நிமிஷம் தள்ளி ஒரு பண்ணையில் லாயத்தில் ஓர் அறையை மட்டும் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். தீனி போடுவது, சாணம் அள்ளுவது எல்லாம் அவர்களே. அந்த இலையுதிர் காலத்தில் மஃபினுக்கு முன்னங்குளம்பில் லேசாக வலி வந்து போயிருந்தது. இன்னொரு வசந்தம் இதே எடையில் வந்தால் தாங்காது என்று லாடம் அடிப்பவர் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் போனபோது மழைத் தூறல். லாயத்துக்குள் ஸ்டெல்லா நர்ஸ் உடையின் மேல் ஜாக்கெட் போட்டுக்கொண்டு நின்றார்.

"வாங்க டாக்டர், வாங்க. தமிழ் டாக்டர் வாராங்கன்னு சொன்னேன், இவ நம்பவே இல்ல."

ஷெரின் குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள். "ஹாய் ஆன்ட்டி. ஷி இஸ் நாட் ஃபேட். ஷி இஸ் ஃப்ளஃபி."

குதிரைமேல் ரோஸ் நிறத்தில் தடித்த போர்வை. அதில் மஃபின் என்று பெயர் வேறு தைத்திருந்தது. கழற்றினேன். குளிர்காலத்து ரோமம் புசுபுசுவென்று இருந்தது. கண்ணால் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. கையை உள்ளே விட்டுத் தேடினேன். பிடரி கல் மாதிரி இறுகிக் கிடந்தது. வால் பக்கம் இரண்டு கொழுப்பு மூட்டை.

"விலா எலும்பு எங்க இருக்கு, காட்டுங்க பார்ப்போம்" என்றேன்.

ஸ்டெல்லா தடவிப் பார்த்தார். "இங்கனதான் இருக்கும்."

"நானும் இருக்கும் இருக்கும்னுதான் தேடறேன். கெடைக்கலையே."

எடை குறித்திருக்கும் அளவு நாடாவை நெஞ்சைச் சுற்றிப் பிடித்து அளந்தேன். ஐந்நூற்று முப்பது பவுண்டு காட்டியது. நானூற்று இருபதுக்குமேல் இருக்கக்கூடாத பிராணி. மூலையில் ஒரு டின் இருந்தது. திறந்தேன். அச்சு முறுக்கு. பக்கத்தில் ஒரு பாலிதீன் பையில் கருப்பட்டி.

"இது யாருக்கு?"

"கிறிஸ்துமஸுக்குச் சுட்டது டாக்டர். முழுசெல்லாம் போடுறதில்ல. உடஞ்சது மட்டுந்தான்."

"அப்ப கருப்பட்டி?"

"அது சளிக்கு."

"குதிரைக்குச் சளியா?"

"வரக்கூடாதுன்னுதான்."

ஷெரின் சிரித்துக்கொண்டே வாளியில் தண்ணீர் பிடிக்க வெளியே போனாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று காலை இரண்டு வீடுகளில் இதே கதை. ஒன்றில் ஆப்பிள், மற்றொன்றில் டோநட். அவர்களிடம் நான் பல்லைக் கடித்துக்கொண்டு மரியாதையாக ஆங்கிலத்தில் பேசிவிட்டு வந்திருந்தேன். இங்கே தமிழ் காதில் விழுந்ததும் அந்த மரியாதை கழன்றுவிட்டது. காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் இந்த அம்மாள் தலையில் கொட்டினேன்.

"நீங்க ஒரு நர்ஸ். ஆஸ்பத்திரியில சுகர் பேஷன்ட்டுக்கு லட்டு ஊட்டுவீங்களா? இது குதிரையா, கொழுக்கட்டையா? பாசம்னு சொல்லிக் கொன்னுக்கிட்டு இருக்கீங்க."

ஸ்டெல்லாவின் முகம் சிறுத்துப்போனது. "அவ வாயத் தொறந்துக்கிட்டு நிக்கையில இல்லன்னு எப்படி டாக்டர் சொல்ல?"

"இனிமே சொல்லுங்க. நாலு நாளைக்கு ஒண்ணும் போடாதீங்க. தண்ணி மட்டும். வயிறு நல்லாக் காயட்டும். அதுக்கப்புறம் காலையில ஒரு கைப்பிடி புல்லு, சாயங்காலம் ஒரு கைப்பிடி. நான் ரெண்டு வாரம் கழிச்சு வரேன். போர்வை இன்னிக்கே போகணும். செத்தெல்லாம் போயிடாது."

ஸ்டெல்லா சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்து எழுதினார். எழுதி முடித்துவிட்டு, "ஒருக்கா திருப்பி வாசிக்கட்டுமா டாக்டர்? சரியான்னு சொல்லுங்க" என்றார்.

"அதெல்லாம் வேண்டாங்க. சொன்னதைச் செஞ்சாப் போதும்."

படிவம் காரில் இருந்தது. மழையில் போய் எடுத்து வர வேண்டும். எடுத்து வரவில்லை. அதில் எழுதியிருந்தால் எட்டு பவுண்டு, மூன்று வேளை, ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊற வைத்து என்றுதான் எழுதியிருப்பேன். பேனாவைப் பிடித்துக்கொண்டு யாரும் 'நாலு நாள் பட்டினி' என்று எழுத மாட்டார்கள். கோபம் வாய் வழியாகத்தான் வரும். அதோடு என் பழைய கணக்கும் சேர்ந்துகொண்டது. நாலு நாள் பட்டினி என்றால் இந்த அம்மாள் முறுக்கையாவது நிறுத்துவார், புல்லைக் கொஞ்சம் குறைப்பார். அது போதும் என்று நினைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். தீவிர சிகிச்சைப் பிரிவு நர்ஸிடம் பேரம் பேசுகிறேன் என்பது எனக்கு உறைக்கவே இல்லை.

ஏழாம் நாள் காலை, ஒரு சனிக்கிழமை, முதலாளி என் பேஜருக்குச் செய்தி அனுப்பினார். கிடைத்த ஃபோனில் கூப்பிட்டேன். "மட்டக்குதிரை ஒன்று நின்ற இடத்திலேயே நிற்கிறது. நீ பார்த்த கேஸ். நான் பக்கத்தில்தான் இருக்கிறேன், போகிறேன். நீயும் வா" என்றார். வழியெல்லாம் குளம்பாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே ஓட்டினேன். அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன் என்பதே சரி.

மஃபின் சுவரைப் பார்த்துத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. முன்னால் ஒரு கைப்பிடி புல் அப்படியே கிடந்தது. தண்ணீர் வாளி நிறைந்திருந்தது. முதலாளி அதற்குள் ரத்தம் எடுத்திருந்தார். அந்தக் கண்ணாடிக் குழாயை ஜன்னல் விளிம்பில் நிறுத்தி வைத்திருந்தார். சிவப்பு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர் தேங்காய்ப் பால் மாதிரி வெள்ளையாக இருந்தது. அதற்குமேல் எனக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முதலாளி ஸ்டெல்லாவிடம் கேட்டார். இங்கே நான் தமிழில் எழுதுகிறேன், அவர் பேசியது ஆங்கிலம்தான். "இந்த வாரம் என்ன சாப்பிட்டது?"

"நாலு நாள் தண்ணீர் மட்டும். பிறகு இரண்டு வேளை ஒரு கைப்பிடி புல்."

"யார் சொன்னது?"

ஸ்டெல்லா என்னைப் பார்த்தார். நோட்டு இருந்த பையின்மேல் கையை வைத்து மூடிக்கொண்டார். பிறகு அவரைப் பார்த்துச் சொன்னார். "யாரும் சொல்லவில்லை. டாக்டர் குறைக்கச் சொன்னார். நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன்."

நான் பேசவில்லை. பத்து விநாடி இருக்கும். அந்தப் பத்து விநாடியில் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நான் ஜன்னல் பக்கம் போய்க் குழாயை எடுத்து, ஏற்கனவே பார்த்ததை இன்னொரு முறை பார்த்தேன்.

பேசியது ஷெரின். அம்மாவைப் பார்த்து, "யூ ஸ்டார்வ்ட் ஹெர்" என்றாள். கத்தவில்லை. இரண்டாவது தடவைதான் கத்தினாள். "மம்மி, யூ ஸ்டார்வ்ட் ஹெர்!" லாயத்திலிருந்த மற்றக் குதிரைகள் தலையைத் தூக்கின. மஃபின் தூக்கவில்லை.

பிறகு வேலை. ரத்தக் குழாயில் குளுக்கோஸ் ஏற்றினோம். மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கஞ்சி மாதிரி கரைத்து ஊற்றினோம். அந்த விவரங்களெல்லாம் புத்தகத்தில் இருக்கின்றன, படித்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில் இல்லாததைச் சொல்கிறேன். குழாய் வழியாகப் போவது தாக்குப்பிடிக்க மட்டும்தான். தானாக வாயைத் திறந்து தின்ன ஆரம்பித்தால் பிழைக்கும். தின்னாவிட்டால் மூன்று நாளோ நாலு நாளோ, அவ்வளவுதான். என்ன தின்கிறது என்பது அப்போது முக்கியமில்லை.

முதலாளி கிளம்பும்போது, "இந்தக் கேஸ் உன்னுடையது, முடியும்வரை வேறு எங்கும் போகாதே" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

சனிக்கிழமை தின்னவில்லை. ஞாயிறும் இல்லை. ஆப்பிள் வைத்தோம், கேரட் வைத்தோம், ஓட்ஸ் வைத்தோம். ஒரு வாரம் முன்னால் நான் திட்டித் தீர்த்த அத்தனையையும் நானே தட்டில் வைத்துக்கொண்டு கெஞ்சினேன். முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. ஷெரின் அறைக்கு வெளியே ஒரு புல்கட்டின்மேல் உட்கார்ந்திருந்தாள். அப்பா கொண்டு வந்து கொடுத்தால் சாப்பிட்டாள். அம்மா கொடுத்தால் வாங்கவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஸ்டெல்லா ஷிஃப்ட் முடிந்து நேரே வந்தார். ஷெரின் காரில் தூங்கிக்கொண்டிருந்தாள், பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அடம்பிடித்து அப்பாவோடு வந்திருந்தாள். லாயத்துக்குள் நானும் ஸ்டெல்லாவும் மஃபினும் மட்டும்.

"ஏங்க அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். எனக்கு அதைக் கேட்கவே இரண்டு நாள் ஆகியிருந்தது.

ஸ்டெல்லா குதிரையின் காதைத் தடவிக்கொண்டே பேசினார். "பதினெட்டு வருஷப் பழக்கம் டாக்டர். ஊர்லயும் அப்படித்தான், இங்கயும் அப்படித்தான். டாக்டர் பேரு கெட்டா பெரிய விஷயம். நர்ஸ்ன்னா ஒரு வார்த்தை ஏசிட்டு விட்ருவாங்க. அதுவும் உங்க பெரிய டாக்டர் முன்னாடி, நம்ம ஊர்ப் பொம்பள ஒருத்தங்களத் தலைகுனிய வைக்கவா? உங்களுக்குன்னா லைசென்ஸ் போகும். எனக்குக் குதிரைக்கு லைசென்ஸா இருக்கு, போறதுக்கு?"

"உங்களுக்கு ஒண்ணும் போகலையா?"

கை காதிலேயே நின்றது. "ஷெரின் எங்கூடப் பேச மாட்டேங்கா. நேத்து கோயில்ல பூசையில எம்பக்கத்துல உக்காரல. மூணாவது பெஞ்சில போயி உக்காந்துக்கிட்டா." பிறகு சொன்னார், "குதிரை பொழச்சிட்டா சரியாயிருவா."

"பிழைக்கலைன்னா?"

ஸ்டெல்லா காதிலிருந்து கையை எடுத்தார். நோட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "எதுக்கும் பாத்துக்கிடுங்க. கணக்கெல்லாம் எழுதியிருக்கேன். உங்களுக்கு வைத்தியத்துக்கு உதவும்."

வாங்கிப் பார்த்தேன். ஆஸ்பத்திரி சார்ட் மாதிரியே நேர்கோடு போட்டு எழுதியிருந்தது. முதல் நாள், காலை ஆறு, தண்ணீர் ஒரு வாளி, தீனி இல்லை. மதியம் இரண்டு, தீனி இல்லை, கதவை உதைக்கிறாள். மூன்றாம் நாள், உதைக்கவில்லை. நாலாம் நாள், சாணம் குறைவு. ஐந்தாம் நாள், ஒரு கைப்பிடி புல், பாதி தின்றாள். ஆறாம் நாள், டாக்டர் ஆபீஸுக்கு ஃபோன், இரண்டு வாரம் கழித்து வருவதாக டாக்டர் சொல்லியிருந்ததால் பேசாமலே வைத்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் மேலே முதல் பக்கத்தில் என் ஆர்டர், நான் தமிழில் சொன்னது ஒன்று விடாமல் ஆங்கிலத்தில். பக்கத்தில் 'வாய்மொழி உத்தரவு' என்று எழுதி, அதற்கு நேரே ஒரு கோடு. கோட்டின்மேல் வெறுமை.

"இது என்ன கோடு?"

"உங்க கையெழுத்துக்கு. வாயால குடுத்த ஆர்டருக்கு இருபத்துநாலு மணி நேரத்துல டாக்டர் கையெழுத்துப் போடணும்லா? எங்க ஆஸ்பத்திரியில அப்படித்தான். சும்மா பழக்கத்துல கோடு போட்டுட்டேன். குதிரைக்கெல்லாம் கிடையாதுன்னு தெரியும்."

அந்த நேரத்தில் நான் அதில் கையெழுத்துப் போட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். போடவில்லை. நோட்டை மூடித் திருப்பிக் கொடுத்தேன். எழுதி வைத்த தப்பு நம் கைக்குள் இருக்கும்போது அதைத் திருப்பிக் கொடுக்கத்தான் தோன்றும். உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும், பெரிய யோக்கியர்கள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

பத்து மணிக்கு மறுபடியும் குழாய் விட்டோம். பாதி வெளியே வந்துவிட்டது. மஃபின் கண்ணை மூடிக்கொண்டது. எனக்குத் தெரிந்ததெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. ஷெரின் எழுந்து வந்து பழைய இடத்தில் உட்கார்ந்திருந்தாள்.

ஸ்டெல்லா மெல்லக் கேட்டார். "டாக்டர், ஒண்ணு சொன்னா ஏசக் கூடாது."

"சொல்லுங்க."

"கருப்பட்டி குடுத்துப் பாக்கட்டுமா? அது மட்டும் இவ வேண்டாம்னு சொன்னதே இல்ல."

"குடுங்க" என்றேன். "ஒரு நெல்லிக்காய் அளவு குடுங்க."

ஸ்டெல்லா அசையவில்லை. நோட்டையும் பேனாவையும் எடுத்தார். "நெல்லிக்காய்னா எது டாக்டர்? அரைநெல்லியா, முழுநெல்லியா? கிராம்ல சொல்லுங்க."

"ஸ்டெல்லா, குதிரை செத்துக்கிட்டு இருக்கு."

"அதனாலதான் கேக்கேன்." குரல் உயரவில்லை. "போன தடவ கைப்பிடின்னு சொன்னீய. எங்கைப்பிடி சின்னது. வீட்டுல போய் என் கையவே பாத்துக்கிட்டு நின்னேன் டாக்டர், உங்க கைப்பிடியா, என் கைப்பிடியான்னு. இப்ப எழுதிக் குடுங்க. எழுதாம நான் குடுக்க மாட்டேன்."

நோட்டை வாங்கினேன். கருப்பட்டி, இருபது கிராம், வெந்நீரில் கரைத்துக் கையில் தடவி நக்கவிட வேண்டும், தின்றால் அரைமணி கழித்து மீண்டும் இருபது, புல்லை அதிலேயே நனைத்து. கையெழுத்து, தேதி, நேரம். பிறகு என் கை தானாகப் பின்பக்கம் புரட்டியது. முதல் பக்கம் வந்தது. கோடு வந்தது.

அதில் என் பெயரை எழுதினேன். பழைய தேதி போடவில்லை. அன்றைய தேதியைத்தான் போட்டேன், ஒன்பது நாள் தாமதம் என்று அதைப் பார்க்கிற யாருக்கும் தெரிய வேண்டும். நோட்டைத் திறந்தபடியே ஷெரினிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, ஆனால் அம்மா எழுதியிருந்தது ஆங்கிலத்தில்தான். படித்தாள். நானும் ஆங்கிலத்திலேயே சொன்னேன், அவளுக்குச் சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக. "உன் அம்மா தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. நான் சொன்னதை அப்படியே செய்தார். தப்பாகச் சொன்னது நான். சனிக்கிழமை நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை."

அவள் கையெழுத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஸோ இட் வாஸ் யூ."

"ஆமாம்."

"அண்ட் யூ ஜஸ்ட் ஸ்டுட் தேர்."

"ஆமாம்."

அவள் என்னைத் தாண்டி உள்ளே போனாள். ஸ்டெல்லா வெந்நீரில் கருப்பட்டியைக் கரைத்துக்கொண்டிருந்தார். ஷெரின் அம்மாவின் பக்கத்தில் போய் நின்றாள். கையை நீட்டினாள். ஸ்டெல்லா அவள் உள்ளங்கையில் பாகைத் தடவினார். மஃபின் முகர்ந்தது. கீழுதடு அசைந்தது. நாக்கு வெளியே வந்தது. கையைச் சுத்தமாக நக்கிவிட்டு, அடுத்த கை எங்கே என்று ஸ்டெல்லாவின் பாக்கெட்டை முட்டியது.

"பத்து நாற்பது" என்று ஸ்டெல்லா நேரத்தை எழுதிக்கொண்டார். அழுதுகொண்டேதான் எழுதினார்.

மதியத்துக்குள் பாகில் நனைத்த புல்லைத் தின்றது. மறுநாள் தண்ணீர் குடித்தது. வியாழக்கிழமை எடுத்த ரத்தத்தில் வெள்ளை பெரும்பாலும் தெளிந்துவிட்டது. கருப்பட்டியால் பிழைத்தது என்று போய்ச் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள். மூன்று நாள் குளுக்கோஸ் ஏறியிருந்தது. ஆனால் வாயைத் திறக்க வைத்தது அதுதான்.

கையெழுத்துப் போட்ட அந்தத் திங்கட்கிழமை மாலையே முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் ஊசிகளை எண்ணி அடுக்கிக்கொண்டிருந்தார். "தெரியும்" என்றார்.

"எப்படி?"

"சனிக்கிழமையே ஃபைலைப் பார்த்தேன். உன் படிவம் இல்லை." இன்னும் இரண்டு ஊசிகளை எடுத்து வைத்தார். "அந்தப் பெண் அவள் அம்மாவிடம் பேசாமல் இருந்தது மூன்று நாள். உண்மையைச் சொல்ல நீ எடுத்துக்கொண்டதும் மூன்று நாள். அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது, தெரியுமல்லவா?"

தெரியும் என்றேன். அதற்குமேல் அவர் அதைப் பற்றி என்றைக்கும் பேசவில்லை. அந்தக் குடும்பத்துக்கு இனி வேறு டாக்டரை அனுப்பச் சொன்னேன். அவர் ஸ்டெல்லாவிடமே கேட்டார். ஸ்டெல்லா நானே வர வேண்டும் என்று சொல்லிவிட்டாராம், எதையும் எழுதித்தான் கொடுக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு.

அந்தக் குளிர்காலம் முழுக்க மஃபினை நான்தான் இளைக்க வைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாக. ஜனவரி பாதி வரை ஒன்றையும் குறைக்கவில்லை, தேறட்டும் என்று விட்டோம். பிறகு எட்டு பவுண்டு புல், தொங்கு தராசில் நிறுத்து. ரோஸ் போர்வை பெட்டிக்குள் போனது, உறைமழை பெய்த இரண்டு நாள் மட்டும் வெளியே வந்தது. வெயில் அடிக்கிற நாளெல்லாம் ஷெரின் அதைப் பண்ணையைச் சுற்றி நடத்தினாள். வாரத்துக்கு ஆறேழு பவுண்டு குறைந்தது. ஒரு வாரம் குறையவே இல்லை. முறுக்கு டின் பண்ணைக்கு வந்ததா என்று கேட்டேன். "டாக்டர், எங்க வீட்டுக்காரர்கிட்ட கேளுங்க" என்றார் ஸ்டெல்லா. கேட்டேன். "ஒண்ணே ஒண்ணுதாங்க" என்றார் அந்த மனுஷன். ஸ்டெல்லா அதையும் நோட்டில் எழுதினார், நேரத்தோடு.

மார்ச் கடைசியில் ரோமம் உதிர ஆரம்பித்திருந்தது. நானூற்று எழுபது பவுண்டு. இன்னும் போக வேண்டியது இருந்தது, ஆனால் பச்சைப் புல் வந்தால் தாங்கும். ஷெரின் கையை விலாப்பக்கம் வைத்து மெதுவாக இழுத்தாள். நின்றாள். "ஆன்ட்டி, ஐ கேன் ஃபீல் தெம். ஒன், டூ, த்ரீ." அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள் என்று சொல்ல மாட்டேன். குதிரையைப் பார்த்துச் சிரித்தாள்.

வசந்தத்துக்கான தீவனத்தைப் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு நீட்டினேன். ஸ்டெல்லா வாங்கினார். அன்றைக்கு எனக்கு இன்னும் மூன்று பண்ணைகள் பாக்கி. காற்று சில்லென்று அடித்தது, கார் சாவி கையில் இருந்தது.

"திருப்பி வாசிக்கட்டுமா டாக்டர்?"

"வாசிங்க" என்றேன்.

முதல் வரியிலிருந்து நிதானமாக வாசித்தார். ஷெரின் பக்கத்தில் நின்று விரலை வைத்துக்கொண்டே ஒவ்வொரு எண்ணையும் சரிபார்த்தாள். கடைசி வரி வரைக்கும், கீழே இருந்த என் பெயரையும் சேர்த்து வாசித்து முடிக்கும்வரை, நான் அங்கேயே நின்றேன்.